பட்டறைப் பக்கம்: கிரவுன் பினியன் முனகினால்...

பிக்கப் வண்டிகளின் பின் டிஃபரன்ஷியல் பற்றி வந்த கடிதங்களில் பாதி, ‘சத்தம் வருகிறது, கிரவுன் செட் மாற்றலாமா?’ என்ற ஒரே கேள்விதான். அதிலிருந்தே தொடங்குவோம். இன்ஜினின் சுற்றலைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். அதனுள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றவைக்கும் சிறியது பினியன். இரண்டும் சேர்ந்ததுதான் கிரவுன் செட்.

கேள்வி: காய்கறி லோடு அடிக்கும் பிக்கப். 1,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 45–60 வேகத்தில் பின்னாலிருந்து ‘ஊய்ய்’ என்று சத்தம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது. கிரவுன் செட் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஒப்புக்கொள்ளலாமா? – ஒட்டன்சத்திரம் வாசகர்

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் வண்டியை ஜாக்கியில் ஏற்றுவதற்கு முன் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கியர்பாக்ஸா, டிஃபரன்ஷியலா என்று பிரிக்க வேண்டும். 50 வேகத்தில் நான்காவது கியரில் ஓட்டுங்கள். அதே 50-ல் ஐந்தாவது கியருக்கு மாற்றுங்கள். சத்தத்தின் சுருதி மாறினால் கோளாறு இன்ஜின் பக்கமோ கியர்பாக்ஸ் பக்கமோ இருக்கிறது. மாறாமல் அப்படியே இருந்தால், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் புரொப்பலர் ஷாஃப்டுக்குப் பின்னால் தேடுங்கள். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தம் மாறினால் அது டயர். டயர் சத்தத்துக்காகக் கிரவுன் செட் மாற்றிய வண்டிகள் ஊருக்கு இரண்டு இருக்கும்.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இழுக்கும்போது மட்டும் வந்தால் கிரவுன் பல்லின் முன்னோட்டப் பக்கம் தேய்ந்திருக்கும், அல்லது பினியன் பேரிங் போயிருக்கும். காலை எடுத்தபின் கியரிலேயே இறங்கும்போது மட்டும் வந்தால் பினியன் நட் தளர்ந்திருக்கலாம், முன் பேரிங் போயிருக்கலாம். ஆக்சிலேட்டரைப் பொருட்படுத்தாமல் வண்டி வேகத்தோடு கூடிக் குறையும் ‘உர்ர்’ என்றால் கிரவுனை இருபுறமும் தாங்கும் சைடு பேரிங் அல்லது சக்கர பேரிங். காலி ரோட்டில் வண்டியை இடமும் வலமுமாக மெதுவாக அலைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடினால் அது சக்கர பேரிங்தான். திரும்பும்போது மட்டும் ‘டிக் டிக்’ என்றால், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் ஸ்டார் பினியன். கிளட்ச் விடும்போது ‘டங்’ என்று ஒரு அடி விழுந்தால், டிஃபரன்ஷியலைக் குறை சொல்லுமுன் புரொப்பலர் ஷாஃப்டின் மூட்டான யூ ஜே கிராஸைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

இதற்குப் பிறகு வண்டிக்கு அடியில் போய், புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, அது மாட்டியிருந்த தட்டான பினியன் ஃபிளாஞ்சை இரு கையாலும் மேலும் கீழுமாக அசையுங்கள். மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் பினியன் பேரிங் போய்விட்டது. சுற்றினால் வரும் சிறு இடைவெளி பேக்லாஷ். அது இருக்கத்தான் வேண்டும். மேலும் கீழும் ஆடுவதுதான் கூடாது.

கடைசியாக ஆயிலை இறக்குங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் விழுது மாதிரி ஒட்டியிருந்தால் கவலையில்லை, அது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்தால் நெருடும் செதில்களும் ஊசி ஊசியான இரும்புத் துணுக்குகளும் இருந்தால் திறந்தே ஆக வேண்டும். உங்கள் வண்டியில் சத்தம் மட்டும் இருந்து, ஆயில் சுத்தமாகவும் பினியன் ஆடாமலும் இருந்தால், அவசரப்படாமல் ஆயில் அளவைச் சரிசெய்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். செதில் வந்தபின் அப்படி ஓட்டாதீர்கள். பல் உடைந்து கிரவுனுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே சிக்கினால் ஹவுசிங்கும் சேர்ந்து போகும்.

கேள்வி: கிரவுன், பினியன் இரண்டில் பினியன் மட்டும்தான் பல் கொத்தியிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? முழுச் செட் என்றால் வேறு என்னென்ன வாங்க வேண்டும்? – அறந்தாங்கி வாசகர்

போதாது. இரண்டையும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று உரசவிட்டே பல் முகத்தைப் பொருத்துகிறார்கள். அதனால்தான் இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். கடையில் பெட்டியைப் பிரித்து அந்த எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். எண் ஒத்துப்போகாத செட்டை எந்த மேஸ்திரியாலும் சத்தமில்லாமல் உட்கார வைக்க முடியாது.

செட்டோடு சேர்த்து பினியன் பேரிங் இரண்டு, சைடு பேரிங் இரண்டு, பினியன் ஆயில் சீல், கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங் இரண்டுக்கும் நடுவே நசுங்கி இறுக்கம் கொடுக்கும் குழாய்), பினியன் நட், கிரவுன் போல்ட் முழுவதும், ஸ்டார் பினியன் வாஷர்கள், ஆக்சில் சீல் இரண்டு வாங்குங்கள். கூடவே கேஸ்கெட் அல்லது ஒரு டியூப் அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை), கிரவுன் போல்டுக்குத் திரெட் லாக், இரண்டு தடவைக்கு ஆயில். இரண்டு தடவை எதற்கு என்பது பின்னால் வரும். பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று பழையதையே போடுவது சிக்கனமல்ல. செதில் ஓடிய ஆயிலில் குளித்த பேரிங் அது.

கேள்வி: புதிய செட்டுக்குப் பதில் சென்னை புதுப்பேட்டையில் பழைய டிஃபரன்ஷியலை முழுதாகவே வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார் டிரைவர். நம்பலாமா? – செங்கம் வாசகர்

வாங்கலாம். நல்ல நிலையில் உள்ள பழைய அசெம்பிளி, மோசமாக செட்டிங் செய்த புது கிரவுனைவிட எவ்வளவோ மேல். அது கம்பெனியில் உட்கார வைத்தபடியே இருக்கும் என்பதுதான் காரணம்.

ஆனால் பல்லை எண்ணாமல் பணம் கொடுக்காதீர்கள். கிரவுன் பல் 41, பினியன் பல் 10 என்றால் ரேஷியோ 4.10. 39-க்கு 8 என்றால் 4.875. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் வண்டியின் ரேஷியோ தெரியாவிட்டால் நியூட்ரலில் வைத்து ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள், மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். டயரிலும் புரொப்பலர் ஷாஃப்டிலும் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. ஒரு சக்கரம் தரையில் நிற்பதால்தான் 2 சுற்று. பலர் ஒரே சுற்று சுற்றிவிட்டு பாதி எண்ணோடு கடைக்குப் போகிறார்கள்.

ஆக்சில் ஷாஃப்டின் நுனியில் வெட்டியிருக்கும் வரிப் பற்களின் (ஸ்பிளைன்) எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். கடைக்காரர் ஊற்றியிருக்கும் ஆயில் சந்தேகத்துக்கு இடமாகக் கெட்டியாக இருந்தால், துணியால் துடைத்துவிட்டு வெறும் பல்லைப் பாருங்கள். கெட்டி கிரீஸும் மரத்தூளும் போட்டுச் சத்தத்தை அடக்குவது பழைய வித்தை. பல் முகம் வழவழப்பாக ஒரே மினுமினுப்பில் இருக்க வேண்டும். அம்மைத் தழும்பு போல் குழிகள், பல்லின் நுனியில் கத்திபோல் கூர்மை, நீலம் பாய்ந்த நிறம் – இதில் எது இருந்தாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். நீலம் என்றால் ஆயில் இல்லாமல் சூடேறி எஃகின் பதம் போய்விட்டது.

கேள்வி: சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். புது கிரவுன் செட் போட்டு பேக்லாஷ் 0.15 மி.மீ. வைத்தேன். இருந்தும் முனகல். பல் எங்கே படுகிறது என்று காட்டும் நீலச் சாயம் தடவிப் பார்த்தால் பல்லின் உச்சியோரம் மார்க் விழுகிறது. ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) கூட்டுவதா, குறைப்பதா? – தேனி வாசகர்

உச்சியில் மார்க் விழுந்தால் பினியன் கிரவுனை விட்டு விலகி நிற்கிறது. பினியன் தலைக்குப் பின்னால் போடும் ஷிம் என்றால் கூட்டுங்கள், பினியன் உள்ளே போகும். அடியில், பல் வேரோரம் விழுந்தால் பினியன் அளவுக்கு மேல் உள்ளே போய்விட்டது, குறையுங்கள். ஒவ்வொரு முறையும் 0.05 மி.மீ.க்கு மேல் மாற்ற வேண்டாம்.

பேக்லாஷ் சரியாக இருந்தும் சத்தம் வருவதன் காரணம் இதுதான். பேக்லாஷ் என்பது கிரவுன் எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை அது சொல்லாது. தவறான ஆழத்திலும் 0.15 கொண்டுவந்துவிடலாம், நீங்கள் கொண்டுவந்தது போல. அதனால் வேலையின் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பினியன் ஆழம், பிறகு பினியன் பேரிங்கின் இறுக்கம், பிறகு பேக்லாஷ், அதன் பிறகு சைடு பேரிங்கின் இறுக்கம், கடைசியில் நீலம்.

ஆழத்துக்கான ஆரம்ப ஷிம் எது என்பதைப் பழைய பினியனே சொல்லும். பல செட்டுகளில் பினியன் தலையில் +2, –1 என்று எண் பொறித்திருக்கும். பழையது +2, புதியது –1 என்றால் வித்தியாசம் 3 அலகு. புதியதற்கு அந்த 3 அலகு தடிமன் கூடுதலாக வேண்டும். அந்த அலகு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கா, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கா என்பதை வண்டியின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை மடங்கு.

மார்க் உச்சிக்கும் அடிக்கும் நடுவே வந்தபின், அது பல்லின் நீளவாக்கில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிமுனைப் பக்கம் ஒதுங்கினால் கிரவுனைப் பினியனுக்கு நெருக்குங்கள். உள்முனைப் பக்கம் ஒதுங்கினால் விலக்குங்கள். கிரவுனை 0.10 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் ஏறக்குறைய 0.07 மாறும். அட்ஜஸ்டர் நட் உள்ள ஹவுசிங்கில் ஒரு பக்கம் எத்தனை பல் தளர்த்துகிறீர்களோ, மறுபக்கம் அத்தனை பல் இறுக்குங்கள். இல்லாவிட்டால் பேரிங் இறுக்கம் கெட்டுவிடும். முன்னோட்டம் கிரவுன் பல்லின் புடைத்த பக்கத்தில் படுகிறது, குழிந்த பக்கம் ரிவர்ஸுக்கும் இறக்கத்துக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் நூற்றுக்கு நூறு கொண்டுவர முடியாவிட்டால் முன்னோட்டப் பக்கத்துக்கே முதல் மரியாதை.

நீலத்தைப் பற்றி ஒன்று. ஒரு கையால் கிரவுனைத் தடுத்துப் பிடித்துக்கொண்டுதான் பினியனைச் சுற்ற வேண்டும். சும்மா சுற்றினால் பல் பட்டும் படாமல் போய் மார்க் மங்கலாக விழும். நீலத்தைச் சோற்றில் குழம்பு ஊற்றுவதுபோல் ஊற்றவும் வேண்டாம். மூன்று நான்கு பல்லில், பிரஷ்ஷில் ஒட்டியதை வழித்துவிட்டு மெல்லியதாகத் தடவினால் போதும்.

பேக்லாஷைக் கிரவுனில் ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். டயல் கேஜை நான்கு இடத்தில் வையுங்கள். பெரும்பாலான பிக்கப்களுக்கு 0.13 முதல் 0.20 மி.மீ.க்குள் வரும். நான்கு இடத்துக்கும் நடுவே 0.05-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிரவுன் சரியாக உட்காரவில்லை. கிரவுன் உட்காரும் கேஸின் முகத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் கிரவுன் தள்ளாடும். முகத்தை எண்ணெய்க்கல்லால் தேய்த்து, கிரவுனைக் கொதிநீரில் போட்டு 100 டிகிரிக்குச் சூடேற்றி, ஈரம் உலர்ந்ததும் உடனே மாட்டுங்கள். சுத்தியல் தேவைப்படாமல் தானாக இறங்கும். போல்டைத் தட்டித் தட்டி இழுத்து உட்கார வைக்கும் பழக்கம் பல கிரவுன்களைக் கோணலாக்கியிருக்கிறது.

இன்னொன்று: பேரிங் கேப்களைக் கழற்றும் முன் இடது வலது என்று பஞ்ச் குறி போட்டீர்களா? அவை ஹவுசிங்கோடு சேர்த்தே கடைந்தவை. இடம் மாறினால் பேரிங் முட்டை வடிவத்தில் நசுங்கும்.

கேள்வி: கிரஷ் ஸ்லீவை எவ்வளவு இறுக்குவது? டார்க் ரெஞ்ச் அளவு சொல்லுங்கள். – அதே தேனி வாசகர்

நட்டுக்கு அளவு கேட்பதில்தான் தவறே இருக்கிறது. ஸ்லீவ் நசுங்கத் தொடங்கவே 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் தேவைப்படும் வண்டிகள் உண்டு. நசுங்கத் தொடங்கியபின் கால் சுற்றில் எல்லாம் முடிந்துவிடும். அளக்க வேண்டியது நட்டின் இறுக்கத்தை அல்ல, பினியன் சுற்ற எடுக்கும் இழுவையை. கிரவுனை மாட்டும் முன் இதைப் பாருங்கள். புது பேரிங்குக்குப் பெரும்பாலும் 1.5 முதல் 2.5 நியூட்டன் மீட்டர். பழைய பேரிங்கையே போட்டால் அதில் பாதி.

சிறிய டார்க் மீட்டர் இல்லாவிட்டால் ஸ்பிரிங் தராசு போதும். ஃபிளாஞ்ச் மேல் நூலைச் சுற்றித் தராசால் இழுங்கள். நூல் சுற்றும் இடம் மையத்திலிருந்து 5 செ.மீ. என்றால், 2 நியூட்டன் மீட்டருக்குத் தராசு சுமார் 4 கிலோ காட்டும். அசையத் தொடங்கும்போது காட்டும் அளவு வேண்டாம், ஒரே சீராகச் சுற்றும்போது காட்டுவதை எடுங்கள். அளப்பதற்கு முன் பேரிங்கில் ஆயில் விட்டுப் பத்து சுற்று சுற்றுங்கள்.

அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்காதீர்கள். நசுங்கிய ஸ்லீவ் திரும்ப எழாது. தளர்த்தினால் பேரிங்கின் உள்வளையத்தைப் பிடித்து வைக்க எதுவும் இருக்காது. அது ஷாஃப்டிலேயே சுற்றி, சில ஆயிரம் கி.மீ.யில் நட்டும் கழன்று வரும். புது ஸ்லீவ் போட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. அதனால்தான் விவரமானவர்கள் ஆரம்பத்திலேயே இரண்டாக வாங்கிவைக்கிறார்கள்.

கேள்வி: புது செட் போட்ட நான்காம் மாதமே ஒரு பக்க ஸ்டார் பினியன் தன் அச்சான ‘பின்’னிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. செட்டிங் கோளாறா? – ஆத்தூர் வாசகர்

கிரவுன் செட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டார் பினியனுக்குப் பேரிங் கிடையாது. வெறும் பின்னில், ஆயில் படலத்தை மட்டும் நம்பிச் சுற்றுகிறது. நேர் ரோட்டில் அது பின்னின் மேல் சுற்றுவதே இல்லை, வளைவில்தான் மெதுவாகச் சுற்றும். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி மற்றது நின்றுவிட்டால், ஸ்பீடாமீட்டர் 30 காட்டும்போது அந்தச் சக்கரம் 60-ல் சுற்றுகிறது. ஸ்டார் பினியன் படலத்தைத் தூக்கியெறிந்துவிட்டு இரும்பில் இரும்பு உரசும். வயலில் மாட்டிய வண்டியை ஆக்சிலேட்டர் மிதித்தே எடுக்கப் பார்த்தால் இதுதான் கதி. கல்லையும் சாக்கையும் போட்டுப் பொறுமையாக எடுங்கள்.

வேறொரு காரணமும் உண்டு: ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் மொட்டை டயர். சுற்றளவு வேறுபடுவதால் நேர் ரோட்டிலும் ஸ்டார் பினியனுக்கு ஓய்வே கிடைக்காது.

கேள்வி: வால்பாறையிலிருந்து கொழுந்து ஏற்றி இறக்குகிறோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. 4.10-க்குப் பதில் 4.875 போட்டால் ஏறுமா? மழையில் சறுக்காமல் இருக்க ஸ்டார் பினியனை வெல்டிங் அடித்துவிடலாமா? – வால்பாறை வாசகர்

வெல்டிங் வேண்டவே வேண்டாம். வளைவில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். கொண்டை ஊசி வளைவில், நனைந்த தாரில், அது எந்தப் பக்கம் கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிடிப்பு வேண்டுமென்றால், தேவைப்படும்போது மட்டும் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் போடுங்கள், உங்கள் ஆக்சிலுக்கு அது கிடைத்தால். ஈட்டன் நிறுவனத்தின் மெக்கானிக்கல் லாக்கர் இரு சக்கரங்களுக்கும் நடுவே நிமிடத்துக்கு சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பூட்டும். சாதாரண வளைவில் அவ்வளவு வித்தியாசம் வராது.

ரேஷியோ மாற்றுவது நல்ல யோசனைதான், கணக்குப் போட்டுவிட்டு. 4.10-லிருந்து 4.875 என்றால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். இன்ஜின் சுற்றும் அதே 19 சதவீதம் கூடும். 215/75 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 2.21 மீட்டர். 60 வேகத்தில் நேர் கியரில் (இன்ஜினும் புரொப்பலர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் கியர்) 4.10-க்கு 1,855 சுற்று, 4.875-க்கு 2,205 சுற்று. மலையிலேயே ஓடும் வண்டிக்கு லாபம். வாரத்துக்கு மூன்று முறை கோவை வரை ஓடும் வண்டிக்கு டீசலில் நஷ்டம்.

மீட்டர் கேபிள் அல்லது சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் மீட்டரும் பொய் சொல்லும்: 50-ல் போகும்போது 59 காட்டும். ஓடாத கி.மீ.யும் கணக்கில் ஏறும். ஒன்று மட்டும் யோசியுங்கள்: 4.875-ல் பினியனுக்கு 8 பல்தான். அதே அளவுக் கிரவுனில் பினியன் சிறுத்துப்போவதால் பல்லில் பளு கூடும். இழுவை கூடியது என்று லோடையும் கூட்டினால், முதலில் உடைவது அந்தப் பினியன்.

கேள்வி: நான்கு சக்கர இழுவை ஹைலக்ஸ். பின் டிஃபரன்ஷியல் போய், கிடைத்த 3.909-ஐப் போட்டுவிட்டார்கள். முன்னால் 4.10 இருக்கிறது. ஃபோர் வீல் போட்டால் வண்டி இறுகுகிறது. – மட்டக்களப்பு வாசகர்

இனி ஃபோர் வீல் போடாதீர்கள், ஒரு கி.மீ. கூட. முன்னும் பின்னும் 5 சதவீதம் வித்தியாசம். முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், புரொப்பலர் ஷாஃப்ட் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவிடுகிறது, தரை அதற்கு இடம் கொடுப்பதில்லை. மணலில் சக்கரம் வழுக்கித் தப்பிக்கும். தார் வீதியில் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அந்த முறுக்கை வாங்கும். பின்னாலும் 41-க்கு 10 பல் உள்ள 4.10 தேடிப் போடுங்கள். கிடைக்கும்வரை டூ வீலில் தாராளமாக ஓட்டலாம்.

கேள்வி: 90 ஆயிலா, 140-ஆ? புது கிரவுனுக்கு எப்போது மாற்றுவது? – காங்கேயம் வாசகர்

கெட்டித்தன்மை 90-ஆ, 140-ஆ என்பதைவிட முக்கியம், டப்பாவில் ஜி.எல்-5 என்ற தரக்குறி இருப்பது. கிரவுனில் பினியன் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்பதால் பல் உருள்வதோடு வழுக்கவும் செய்கிறது. அந்த அழுத்தத்தை ஜி.எல்-5 தான் தாங்கும். ‘இ.பி. 90’ என்று விற்கும் பல டப்பாக்கள் ஜி.எல்-4, அவை கியர்பாக்ஸுக்கு. பெரும்பாலான பிக்கப்புக்கு 80டபிள்யூ-90, எப்போதும் முழு லோடில் வெயிலில் ஓடுவதற்கு 85டபிள்யூ-140, மேனுவல் அனுமதித்தால். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுங்கள், வண்டி சமதரையில் நிற்கும்போது.

புது செட் என்றால் முதல் அரை மணி நேரம் லோடு இல்லாமல் 60-க்குள் ஓட்டி, நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். முதல் 800 கி.மீ. வரை பாதி லோடு. அதன்பின் ஆயிலை இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இரண்டாவது தடவை ஆயில் இதற்குத்தான். கூடவே ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரை (காற்று போய்வரும் துளை) கழற்றி ஊதிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே காற்று விரிந்து சீலைத் தள்ளும். சூடான ஆக்சிலோடு தண்ணீரில் இறங்கினாலோ உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அப்படி நேர்ந்த வண்டியில் டிரெயின் பிளக்கைத் திறந்தால் பால் காபி நிறத்தில் வரும். அன்றே மாற்றிவிடுங்கள், பேரிங் தப்பும்.